ஏழாம் வாசல்

அத்தியாயம் 19

வீட்டில் அவளுக்குப் பெயர் பூட்டு. மிட்டாய் டப்பாவுக்கு ஒரு பூட்டு வாங்கிக் கொடுத்தால்தான் ஆச்சு என்று சின்ன வயதில் தரையில் புரண்டு அழுதாளாம். அண்ணன் வைத்த பெயர். தலையில் நரை எட்டிப் பார்க்கிற வயதிலும் ஒட்டிக்கொண்டே வருகிறது.

இடையில் வந்து உட்கார்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. பூட்டு புருஷனை விட்டு விலகி வந்தவள். அவன் கை நீட்டியதில்லை. அதனாலேயே உறவுக்காரர்கள் பாதிப் பேருக்கு இவள் ஏன் வந்தாள் என்று இன்னும் விளங்கவில்லை. தினமும் சாப்பாடு முடிந்ததும் அவளுடைய மெயிலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருவான். பரீட்சைப் பேப்பர் திருத்துகிற வாத்தியாரைப் போல ஒவ்வொரு பெயராக விரல் வைப்பான். "இவன் யாரு? இவ எதுக்கு உனக்கு நன்றி சொல்றா?" பதில் சொல்லிச் சொல்லி நாக்கு வறண்டு, ஒரு நாள் பதில் சொல்லாமல் துணிப்பையைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

பிறகு ஆரம்பித்தது மெயில் மழை. காலையில் மன்னிப்பு, மத்தியானம் திட்டு, சாயங்காலம் மறுபடி மன்னிப்பு. வழுக்கையில் முடி முளைக்க மருந்து விற்கிறவன்கூட ஒரு ஆளுக்கு இத்தனை மெயில் அனுப்பமாட்டான்.

அண்ணன் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்காரன். "இதுக்குப் போய் அழுவியா? வடிகட்டி போட்டுடறேன் பாரு" என்று, அவன் பெயரில் வருவதெல்லாம் சத்தமில்லாமல் ஓரப் பெட்டியில் போய் விழும்படி செய்து கொடுத்தான். அதோடு தொல்லை விட்டது என்றுதான் அண்ணன் நினைத்தான். பூட்டோ தினமும் அந்த ஓரப் பெட்டியைத் திறந்து ஒன்று விடாமல் படித்தாள். படிக்காவிட்டால் என்ன எழுதியிருப்பானோ என்று பயம். படித்தால் தூக்கம் போச்சு.

"வடிகட்டினா மட்டும் என்ன அண்ணா? சக்கை வீட்டுக்குள்ளதானே கிடக்கு."

அதனால் ஒரேயடியாக ஒளிந்தாள். வேறு வேலை, வேறு வீடு, வேறு மெயில் முகவரி. "மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தறியே" என்றான் அண்ணன். புது வேலை கிடைத்தது ஒரு மெத்தைக் கம்பெனியில் என்பதால் அந்தப் பழமொழி வீட்டில் இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. துணைக்கு அம்மா கூடவே வந்துவிட்டாள். இரண்டு அறை, ஒரு சமையலறை, மூன்று தாழ்ப்பாள் போட்ட வாசல் கதவு. அந்தக் கதவுக்குப் பின்னால்தான் பூட்டு மறுபடி நிம்மதியாகத் தூங்கக் கற்றுக்கொண்டாள்.

போன வாரம் அவள் ஜன்னலுக்குத் திரைச்சீலை வாங்கி மாட்டிய இடத்தில் நிறுத்தியிருந்தோம். நீலப் பூப்போட்டது. ரொம்ப நாளைக்குப் பிறகு, 'இங்கே இருக்கப் போகிறேன்' என்று நினைத்து வாங்கிய பொருள்.

இன்று வியாழக்கிழமை.

காலையில் எழுந்ததும் போனைப் பார்த்தாள். முதலில் இருந்தது அம்மாவின் மெயில். ரோஜாப்பூ, பனித்துளி, 'இனிய காலை வணக்கம்'. பக்கத்து அறையில் இருந்துகொண்டே தினமும் அனுப்புகிறவள். மெயில் அனுப்பக் கற்றுக்கொடுத்த நாளிலிருந்து ஒரு நாள் தவறியதில்லை. "எழுந்து வந்து மூஞ்சியைப் பாத்துச் சொல்லேம்மா" என்றால், "அனுப்பினாத்தான் போய்ச் சேர்ந்துச்சான்னு தெரியும்" என்பாள். முப்பது வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆப்பரேட்டராக இருந்தவள், வேறெப்படிப் பேசுவாள்?

அதற்குக் கீழே இன்னொரு மெயில்.

அனுப்பியவன் அவள் புருஷன். போன் கட்டிலில் விழுந்தது. எடுத்தாள். மறுபடி விழுந்தது.

'எப்படி இருக்கே? நான் மாறிட்டேன். சனிக்கிழமை நேர்ல பேசலாம். கோவப்படாதே.'

அவ்வளவுதான். நேரில் என்றால் எங்கே? வீடு தெரியுமா அவனுக்கு? இந்த மூன்று தாழ்ப்பாளும் தெரியுமா?

ஆனாலும் பூட்டு பூட்டுதான். அழுவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்தாள். மெயிலின் மேல் வரியில், எந்த முகவரிக்கு வந்திருக்கிறது என்று பார்த்தாள்.

இந்த வித்தை மெத்தைக் கம்பெனியில் கற்றது. அங்கே விளம்பரப் பிரிவு அவள் பொறுப்பு. பஸ்ஸில் ஒட்டும் விளம்பரத்தில் ஒரு மெயில் முகவரி, பத்திரிகையில் இன்னொன்று, கடைப் பலகையில் வேறொன்று. பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும், கடைசி எண் மட்டும் மாறும். எல்லாம் வந்து விழுவது ஒரே பெட்டியில்தான். ஆனால் மெத்தை கேட்டு எழுதுகிறவர் எந்த வாசல் வழியாக வந்தார் என்று அந்த எண்ணே சொல்லிவிடும்.

பூட்டு அதை வீட்டுக்கும் கொண்டுவந்தாள். பாங்க்குக்கு ஒரு எண், ஆபீசுக்கு ஒரு எண், அம்மாவுக்கு மூன்றாம் எண், அண்ணனுக்கு ஏழாம் எண். ஒருத்தரிடமும் சொல்லவில்லை. சந்தேகப்பட்டுச் செய்ததில்லை, சத்தியமாக. சூடு கண்ட பூனை, அவ்வளவுதான்.

அந்த மெயில் ஏழாம் எண்ணுக்கு வந்திருந்தது.

ஏழு அண்ணன் வாசல்.

---

அண்ணன் கடைக்கு வெளியே பலகையில் ஒரு அடி உயர எழுத்தில் மெயில் முகவரி. ஒளிப்பதெல்லாம் அவனுக்குப் பிடிக்காது. "கடை வச்சவன் முகவரியை மறைச்சா, கஸ்டமர் ஜோசியம் பாத்தா வருவான்?" என்பான். ஊர்ப்பட்ட ஸ்பேமும் அவனுக்குத்தான் வரும். லாட்டரி, தொப்பை கரையும் மாத்திரை, யாரோ ராஜகுமாரனின் சொத்து. எல்லாவற்றையும் வடிகட்டி பிடித்துப் போட்டுவிடும். அதிலும் நல்லது ஏதாவது மாட்டியிருக்குமோ என்று சாயங்காலம் டீயைக் குடித்துக்கொண்டே குப்பையைக் கிளறுவான்.

பூட்டு உள்ளே நுழைந்தபோது ஒரு பிரிண்டரின் வயிற்றைப் பிளந்து வைத்திருந்தான். விரலெல்லாம் மை.

"என்ன பூட்டு, ஆபீஸ் நேரத்துல? மெத்தையெல்லாம் வித்துப் போச்சா?"

அவள் சிரிக்கவில்லை. போனை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். படித்தான். சிரிப்பு இறங்கியது.

"எப்படிக் கிடைச்சுது அவனுக்கு?"

"அதை நான் உன்கிட்ட கேக்கறேன்."

"என்கிட்ட எதுக்குக் கேக்கறே?"

"நடிக்காதே அண்ணா. இது உனக்கு மட்டும் குடுத்த முகவரி. உலகத்துல வேற ஒருத்தர்கிட்டயும் கிடையாது."

விஷயத்தைச் சொன்னாள். வாசல், எண், ஏழு. சொல்லச் சொல்ல அண்ணனின் முகம் மாறியது. பயம் என்று நினைத்தாள் பூட்டு. பயமில்லை அது.

"எனக்குன்னு தனியா ஒரு நம்பரா?"

"ஆமா."

"கம்பெனி பஸ்ஸுக்குப் போடற மாதிரி?"

அந்தக் கேள்வி பூட்டுக்குத் தைத்தது. ஆனால் வந்த கோபம் பெரிது.

"போட்டதனாலதானே இன்னைக்குத் தெரிஞ்சுது! சாமான் ஏத்தின வண்டியில என் கூட உக்காந்து வந்தவன் நீ. அந்தக் கதவுல மூணு தாழ்ப்பாளும் உன் கையால போட்டே. நீயே அவனுக்கு வழி காட்டிட்டியே! வேலியே பயிரை மேஞ்சா நான் யார்கிட்டப் போய் அழறது? அழுது காட்டினானா உன்கிட்ட? 'பாவம், வந்தா வடிகட்டிக்கட்டும்'னு நினைச்சியா?"

"நான் குடுக்கல."

"அப்ப நம்பர் பொய் சொல்லுதா?"

"நான் குடுக்கலைன்னு சொல்றேன்ல!" பிரிண்டரின் மூடி கீழே விழுந்து உருண்டது. வாசலில் லேப்டாப்போடு வந்த ஒரு கஸ்டமர் அப்படியே திரும்பிப் போனார். "அவன் பேரைக் கேட்டாலே எனக்கு ரத்தம் கொதிக்கும். உனக்காக அவனோட சட்டையைப் பிடிச்சவன் நான். என்னைப் போய்... ஒருத்தருக்கும் குடுக்கல. அம்மாவுக்கு எழுதிக் குடுத்ததைத் தவிர."

பூட்டு நீட்டியிருந்த போனைக் கீழே இறக்கினாள்.

"அம்மாவுக்கா? அம்மாவுக்கு எதுக்கு?"

"போன மாசம் வந்திருந்தாங்கள்ல. போன்ல உன் மெயில் முகவரி அழிஞ்சு போச்சாம். 'பூட்டுகிட்ட கேட்டா திட்டுவா, உன்கிட்ட இருக்கறதை ஒரு பேப்பர்ல எழுதிக் குடுடா'ன்னாங்க. எழுதிக் குடுத்தேன். பெத்த அம்மாவுக்குக் கூடவா குடுக்கக் கூடாது?"

பூட்டு போனைத் திறந்தாள். அம்மாவின் காலை வணக்கங்களை மேலிருந்து கீழே தள்ளிக்கொண்டே போனாள். ரோஜா, தாமரை, சூரியன், ரோஜா, கிளி. இந்த மாதம், போன மாதம், அதற்கு முந்தின மாதம். ஒரு நாள் விட்டுப் போகவில்லை. எல்லாம் மூன்றாம் எண்ணுக்கே வந்திருந்தன.

அழிந்துபோகவே இல்லை.

அழிந்திருந்தால், அண்ணன் எழுதிக் கொடுத்ததைப் பார்த்து அனுப்பியிருப்பாள், ஏழுக்கு வந்திருக்கும். ஒரு தாமரைகூட ஏழுக்கு வரவில்லை. தன் கையில் மூன்று பத்திரமாக இருக்கும்போதே, மகனிடம் போய் ஏழைக் கேட்டு வாங்கியிருக்கிறாள் அம்மா.

அண்ணனும் எட்டிப் பார்த்தான். அவனுக்கும் புரிந்தது. மை விரலாலேயே நெற்றியைத் தேய்த்துக்கொண்டான், நெற்றியில் ஒரு கறுப்புக் கோடு விழுந்தது.

"அண்ணா..."

"போ. முதல்ல வீட்டுக்குப் போ."

வாசல் வரைக்கும் போனவளைக் கூப்பிட்டான்.

"எனக்கு வேற நம்பர் போடுவியா? ஏழு போச்சுல்ல."

அவன் கிண்டலாகக் கேட்கவில்லை. எய்தவள் எங்கோ இருக்க அம்பை நொந்துவிட்டு வந்தோமே என்று வழியெல்லாம் மனசு அரித்தது. எய்தவள் யார் என்பதை நினைத்தபோது, அண்ணன்தான் செய்தான் என்றே இருந்திருக்கக் கூடாதா என்றும் தோன்றியது. அண்ணன் மேல் கோபப்பட்டால் சேர்ந்துகொள்ளலாம். அம்மா மேல் கோபப்பட்டு எந்த வீட்டுக்குத் திரும்புவது?

---

அம்மா ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தாள். பூட்டு உள்ளே வந்து மூன்று தாழ்ப்பாளையும் போட்ட சத்தத்திலேயே விஷயத்தைக் கண்டுபிடித்திருக்க வேண்டும். காது அப்படி. ரேடியோவை அணைத்தாள்.

"காப்பி போடட்டுமா?"

"ஏழாம் நம்பரை அவன்கிட்ட குடுத்தியாம்மா?"

தெரியாது, புரியவில்லை, எந்த நம்பர் என்றெல்லாம் அம்மா இழுக்கவில்லை. அதற்கு மட்டும் ஒரு மதிப்பெண் போடலாம்.

"குடுத்தேன்."

"வேற வேற நம்பர்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"உன் அண்ணன் போன்ல உன் முகவரியைப் பாத்தேன். எனக்கு மூணு, அவனுக்கு ஏழு. முப்பது வருஷம் போர்டு முன்னாடி உக்காந்தவடி நான். எந்த லைன்ல எவன் வர்றான்னு கண்டுபிடிக்கத்தான் நீ இப்படி வச்சிருக்கேன்னு பாத்தவுடனே தெரிஞ்சு போச்சு."

"தெரிஞ்சுதான் அண்ணனோடதைக் குடுத்தே."

அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்தாள்.

"அவன் மேல பழி விழும்னு தெரிஞ்சேதான் குடுத்தே. ஏம்மா? அவன் உன் பிள்ளை இல்லையா?"

"அவன் தாங்கிப்பான்." அம்மாவின் குரல் உடைந்தது. "ரெண்டு நாள் அடிச்சுக்குவீங்க, மூணாம் நாள் ஒண்ணா உக்காந்து சாப்பிடுவீங்க. சின்ன வயசுலேருந்து பாக்கறேன்ல. என் மேல உனக்குக் கோவம் வந்தா நான் எங்கடி போவேன்?"

பூட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். கத்த வேண்டும் என்று வழியெல்லாம் சேர்த்து வைத்த வார்த்தைகளில் பாதி எங்கோ காணாமல் போயிருந்தன.

"எத்தனை நாளா பேசிட்டிருக்கே அவன்கிட்ட?"

"கண் டாக்டர்கிட்ட போனப்ப பாத்தேன். மாப்பிள்ளை ரொம்ப மெலிஞ்சு போயிட்டாரு. என் கையைப் பிடிச்சுட்டு அழுதாரு. ஒரே ஒரு மெயில் அனுப்பறேன்னாரு..."

மாப்பிள்ளை. இந்த வீட்டில் அந்த வார்த்தை ஒழிந்து எவ்வளவு காலம் ஆயிற்று! அது அம்மாவின் வாயில் இத்தனை நாளும் பத்திரமாக இருந்திருக்கிறது.

"நான் எத்தனை நாளைக்கு இருப்பேன்? எனக்கப்புறம் உனக்கு யாரு இருக்கா? தாழ்ப்பாளா? உன் அண்ணன் சொல்றதுதான் சரி. வரட்டும், பிடிச்சாப் படி, பிடிக்கலைன்னா தூக்கிப் போடு. இப்படிப் பொத்திப் பொத்தி வச்சா கெட்டதோட சேர்ந்து நல்லதும்தானே வெளியவே நிக்கும்? ஊர்ல இருக்கறவனுக்கெல்லாம் லைன் குடுத்தேன். என் பொண்ணுக்கு ஒரு லைன் குடுக்கக் கூடாதா?"

"நீதானேம்மா பெருமை அடிப்பே," என்றாள் பூட்டு. குரல் ஏறவில்லை, அதுதான் அம்மாவைத் தலை நிமிர வைத்தது. "'இன்னார் கூப்பிடறாங்க, பேசறீங்களா'ன்னு அந்தப் பக்கம் கேக்காம ஒரு தடவைகூட லைன் குடுத்ததில்லைன்னு. மந்திரியே கூப்பிட்டாலும் கேட்டுட்டுத்தான் குடுப்பேன்னு. என்னைக் கேட்டியா?"

அம்மா மூக்குக்கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டாள்.

"முன்பின் தெரியாதவங்களுக்குச் செஞ்சியே. எனக்குச் செய்யலியே நீ."

பூட்டு போனைத் திறந்து அந்த மெயிலை அம்மாவிடம் காட்டினாள்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லு. சனிக்கிழமை நேர்ல பேசலாம்னு எழுதியிருக்கான். வீட்டு முகவரியும் குடுத்துட்டியா?"

அம்மா எழுந்தாள். மேஜையைப் பிடித்துக்கொண்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு தன் அறைக்குப் போனாள். கதவைச் சாத்தவில்லை, விளக்கையும் போடவில்லை.

"அம்மா! கேக்கறேன்ல?"

இருட்டில் கட்டில் கிறீச்சிட்டது.

பூட்டு நீலத் திரைச்சீலையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கொக்கியிலிருந்து அதைக் கழற்றி மடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? மறுபடியும் சாமான் கட்டி, மறுபடியும் வண்டி பிடித்து, புது முகவரி போட்டு, புது எண்கள் போட்டு... போடலாம். எத்தனை தடவை வேண்டுமானாலும் ஒளியலாம். ஆனால் ஒவ்வொரு தடவையும் இந்த அம்மாவையும் கூடவே வண்டியில் ஏற்றிக்கொண்டுதானே போக வேண்டும்?

கம்ப்யூட்டரைத் திறந்தாள். ஏழாம் வாசலை அடைத்தாள், ஒரு நொடி வேலை. பிறகு அண்ணன் அன்றைக்குச் செய்து கொடுத்த மாதிரியே வடிகட்டிப் பக்கத்துக்குப் போனாள். ஒளிய முடியாத ஆளுக்கு வேறு வழி இல்லை. யாரிடமிருந்து வருவதை ஓரம் தள்ள வேண்டும் என்று கேட்டது. அம்மாவின் முகவரியை எழுதினாள். எழுத்து எழுத்தாக எழுதும்போது கண்ணீர் தட்டெழுத்துப் பலகையில் சொட்டியது. துடைத்துவிட்டு எழுதினாள். சத்தம் வேண்டாம். அறிவிப்பு வேண்டாம். ஓரப் பெட்டிக்குப் போகட்டும்.

சேமித்தாள்.

அப்போதுதான் பக்கத்து அறையிலிருந்து அந்தச் சத்தம் கேட்டது. டொக். சற்றுப் பொறுத்து டொக். அம்மா ஒற்றை விரலால் போனில் எழுதிக்கொண்டிருந்தாள். நேரில் சொல்ல வராத எதையோ, இருட்டில் உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொரு எழுத்தாக. ரோஜாப்பூவுக்கு இவ்வளவு நேரம் ஆகாது. வெகுநேரம் எழுதினாள். இடையில் ஒரு முறை மூக்கை உறிஞ்சினாள்.

சத்தம் நின்றது.

திரையின் ஓரத்தில், ஓரப் பெட்டிக்குப் பக்கத்தில், ஒன்று என்ற எண் கறுப்பாக எழுந்து நின்றது.

பூட்டு அதையே பார்த்தாள். ஒரு தட்டுத் தட்டினால் திறக்கும். சனிக்கிழமை யார் இந்தக் கதவைத் தட்டுவார்கள் என்பது அதற்குள்ளே இருக்கலாம். அவள் விரல் அங்கே போய், நின்று, திரும்பி வந்தது.

"போய்ச் சேர்ந்துச்சாடி?" என்றது அம்மாவின் குரல், சுவருக்கு அந்தப் பக்கமிருந்து.

பூட்டு கம்ப்யூட்டரை மூடினாள்.

"எதுவும் வரலைம்மா."